சாமி படம் டிஜிட்டலில்: ஒளிவட்டத்தைக் கடைசியில் வையுங்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி முடித்தாயிற்று, கையில் ஓர் ஆண்ட்ராய்டு போனும் பழைய லேப்டாப்பும் இருக்கின்றன, ஆன்மிகமும் கற்பனையும் நம் மரபும் கலந்த டிஜிட்டல் ஓவியங்கள் வரைய ஆசை. ஆனால் எதை வரைந்தாலும் நீல உடம்பு, ஜிம் வயிறு, பின்னால் நட்சத்திர மண்டலம் என்று ஏற்கெனவே ஆயிரம் பேர் போட்ட படமாகவே வந்து நிற்கிறது என்கிறீர்கள். எங்கே தொடங்குவது, என்ன மென்பொருள், ஏஐ பயன்படுத்தலாமா, விற்க முடியுமா என்று நான்கு கேள்விகள். முதல் கேள்விக்குத்தான் இங்கே நிறைய இடம் கொடுக்கப் போகிறேன்.

உங்கள் படம் மற்றவர் படம் மாதிரி இருப்பதற்குக் காரணம் கை அல்ல, வரிசை. முதலிலேயே ஒளியைப் போட்டுவிடுகிறீர்கள். தலைக்குப் பின்னால் பொன்னிற வட்டம், கண்ணில் மினுக்கம், புகை, தூசி எல்லாம் வந்த பிறகு அடியில் இருக்கும் உருவம் சரியாக நிற்கிறதா, கை தோளிலிருந்துதான் கிளம்புகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, வரைந்தவர் உட்பட. ஒரு மாதத்துக்கு ஒளி சம்பந்தப்பட்ட எந்தத் தூரிகையையும் தொடாதீர்கள். கோடு மட்டும் போடுங்கள். கோட்டில் சாமி தெரிந்தால் நிறத்திலும் தெரியும்.

காலண்டர் படங்களைக் குறை சொல்வது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓவியர் ரவிவர்மா 1894-ல் அச்சகம் தொடங்கிய பிறகு சாமி படம் வீட்டுச் சுவர்களில் பரவலாக ஏறியது. தமிழ்நாட்டில், கோவில்பட்டியில் இருந்த கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் படங்களைக் கூர்ந்து பாருங்கள். எந்தக் கையில் என்ன இருக்க வேண்டும், எந்தக் காலை மடக்க வேண்டும் என்பதில் தடுமாற்றமே இருக்காது. இலக்கணம் தெரிந்து அலங்காரம் செய்தார்கள். இன்று திரையில் பார்ப்பது அந்த அலங்காரத்தின் நகலின் நகல். டிவி தொடரிலிருந்து எடுத்த முகம், அதிலிருந்து ஏஐ எடுத்த முகம், அதைப் பார்த்து நீங்கள் வரையும் முகம்.

எனவே மூலத்துக்குப் போகலாம். மதுரை, தஞ்சாவூர் என்று பஸ் ஏற வேண்டியதில்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் கொல்லை மேட்டிலும் வேடியப்பன் கோயில் இருக்கும். மஞ்சள் குங்குமம் அப்பி, எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கும் அந்தக் கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பல இடங்களில் வில்லும் வாளும் ஏந்திய ஒரு வீரன் தெரிவான். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு, புலியோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் நட்ட நடுகல் அது. செத்த மனிதன் சாமியாகி, பொங்கல் வாங்கிக்கொண்டு, இன்றும் குலம் காத்துக்கொண்டிருக்கிறான். ஆன்மிகம், கற்பனை, மரபு என்று நீங்கள் மூன்றாகப் பிரித்துக் கேட்டது அங்கே ஒரே கல்லில் இருக்கிறது. மண்வெட்டியும் கையுமாகப் போகிறவர்கூட அதைப் பார்த்து ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறார்.

தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பூசையில் இருக்கும் கல்லை நெருங்கத் தயக்கமாக இருந்தால் அங்கே தொடங்குங்கள். உச்சி வெயிலில் போகாதீர்கள். இந்தக் கற்களில் புடைப்பு மிகக் குறைவு, நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் விழும்போது கோடுகள் எழுந்து நிற்கும். நிழலான இடமென்றால் கூட வருபவரிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்துக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாக அடிக்கச் சொல்லுங்கள், கல்வெட்டு படிப்பவர்கள் செய்வது அதுதான். எழுத்து தெரியவில்லையே என்று சாக்பீஸ் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே நின்று பென்சிலால் ஒரு முறை வரைந்துவிட்டு வாருங்கள். விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளை நேரில் பார்த்து வரைந்த ஓவியர் சில்பியின் கோடுகளைத் தேடிப் பாருங்கள். கல்லின் குளிர்ச்சி தாளுக்கு வருவது எப்படி என்று புரியும்.

சரி, கல்லைப் பார்த்தாயிற்று. கற்பனை எங்கே? நான் ஓர் உதாரணம் தருகிறேன், நீங்களே வரைந்து பாருங்கள். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி என்றதும் எல்லாரும் நெல்லிக்கனியைத்தான் வரைகிறார்கள். பஸ் நிலையச் சுவரிலிருந்து பள்ளி ஆண்டு மலர் வரை, தாடி வைத்த அரசன் நரைத்த கிழவிக்குக் கனி நீட்டுவான். புறநானூறு 232-ஐப் படியுங்கள். அஞ்சி இறந்துவிட்டான். அவனுக்கு நடுகல் நட்டாயிற்று. அவ்வை பாடுகிறாள்:

நடுகல் பீலி சூட்டி நார்அரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ

கல்லுக்கு மயில்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்கள். உயர்ந்த மலைகள் கொண்ட நாட்டையே தந்தாலும் வாங்காதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்கிறாள். படத்துக்கு வேண்டிய எல்லாமே இந்த வரிகளில் இருக்கிறது. ஒரு புதிய கல், இன்னும் எண்ணெய் ஏறாதது. அதில் ஒரு பீலி. சிறிய கலம். பின்னால் மலை. நம் பக்கத்து மலைதான், செடி கொடி குறைந்து பாறை பாறையாகத் தெரிவது, இமயமலையைப் போட்டுவிடாதீர்கள். அவளைக் கிழவியாகவும் வரையாதீர்கள். புறநானூறு 89-ல் அவளைப் பகையரசன் அழைக்கும் முறையே ‘வாள்நுதல் விறலி’ என்பதுதான். ஒளி பொருந்திய நெற்றியும் மை தீட்டிய கண்ணும் உடைய, ஆடிப் பாடும் பெண் அவள். கூன் விழுந்து கோல் ஊன்றும் அவ்வை வேறொரு காலத்தவள். கேள்விக்குறியோடு ஒரு கல்லைப் பார்த்து நிற்கும் இளம் விறலியை நான் இதுவரை எந்தத் திரையிலும் பார்க்கவில்லை. இந்தப் படத்தை வரைய ஒளிவட்டம் தேவைப்படுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. அரூர், ஊத்தங்கரைக்கு அப்பால், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவன் கருந்தேவக்கத்தி. அவன் பக்கத்தில் ஒரு நாய், கோவிவன் என்று பெயர் போட்டு, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்! பைரவர் படத்துக்கு நாய் வரைபவர்கள் ஏன் எப்போதும் ஏதோ வெளிநாட்டு வேட்டை நாயையே வரைகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. இந்தக் கல்லில் இருப்பது வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். அதை உங்கள் படத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் போனில் இருக்கும் எழுத்துருவில் வராது, கோட்டைப் பார்த்துக் கோடாகவே வரைய வேண்டும்.

ஓசூர் பக்கம் போனால் அடுக்கு நடுகற்கள் கிடைக்கும். கீழே சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் தூக்கிக்கொண்டு போவது, மேலே வீரசொர்க்கத்தில் லிங்கத்தின் முன் அவன் உட்கார்ந்திருப்பது. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய கதை. போன் திரைக்கான 1080க்கு 1920 அளவு இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. மூன்று அடுக்கையும் ஒரே நீளப் படமாக வரைந்து, கீழேயிருந்து மெதுவாக நகர்த்தினால் அசைபடம் தயார். ரீல்ஸ் போடத்தான் ஆசை என்றால் இதிலிருந்து தொடங்கலாம்.

இனி இலக்கணம். இங்கேதான் பெரும்பாலோர் நழுவுகிறார்கள். சிற்ப நூல்களில் உருவத்துக்கு அளவு உண்டு, தாலம் என்பார்கள். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். இந்த அங்குலம் நம் அளவு நாடாவின் அங்குலம் அல்ல, உருவத்தின் உயரத்தைப் பிரித்து வரும் ஒரு பங்கு. சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தச தாலம், 120. மனிதருக்கு அட்ட தாலம், 96. பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம்தான், அதனால்தான் அவர் குழந்தை போல இருக்கிறார். 124-ல் பரவலான கணக்கு இப்படி: உச்சியிலிருந்து முடி விளிம்பு வரை 4, முகம் பதின்மூன்றரை, கழுத்து 4, கழுத்தடியிலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள், தொப்புளிலிருந்து தொடை தொடங்கும் இடம் ஒவ்வொன்றும் பதின்மூன்றரை, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், 124 வரும். மகுடம் இதில் சேராது.

இதைத் திரைக்குக் கொண்டுவருவது சுலபம். ஏ3 தாள், 300 டிபிஐ என்றால் உயரம் 4961 பிக்சல். ஓர் அங்குலத்துக்கு 30 பிக்சல் என்று வைத்தால் சாமி 3720 பிக்சல் நிற்பார். மீதி ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மகுடத்துக்கும் பீடத்துக்கும், சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசிக்கும் சரியாக இருக்கும். இந்த அளவுகளில் படுக்கைக் கோடுகள் போட்டு ஒரு லேயராக, அதாவது தனி அடுக்காகப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் அதுவே உதவும். அதே 30 பிக்சல் கணக்கில் பக்கத்தில் ஒரு பக்தரை வரைந்தால் 2880 பிக்சல் வருவார். சாமியைப் பெரிதாக்க வேறு எந்தத் தந்திரமும் செய்யாமலே யார் தெய்வம் யார் மனிதர் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கோயிலில் நாம் உணர்கிற அந்தக் கம்பீரத்தில் பாதி இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

டிஜிட்டலுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடி வசதி. பாதி வரைந்தால் மறுபாதி தானாக வந்துவிடும், கோலத்துக்கும் திருவாசிக்கும் அற்புதமான வசதி. முகத்துக்குப் பயன்படுத்தினால் சிக்கல். சிவனுடைய இரண்டு காதும் ஒன்று அல்ல. அவருடைய வலக் காதில் ஆண்கள் அணியும் குழை, இடக் காதில் பெண்கள் அணியும் தோடு, அந்தப் பாதி உமையுடையது. சம்பந்தர் ‘தோடுடைய செவியன்’ என்று தொடங்கியதே அந்த இடக் காதைப் பார்த்துத்தான். கண்ணாடியில் வரைந்த சிவனுக்கு இரண்டு பக்கமும் குழை வந்துவிடுகிறது, உமை காணாமல் போய்விடுகிறாள். அதே போலப் படத்தை இடவலமாகத் திருப்பிச் சரிபார்ப்பது ஓவியர்களின் நல்ல பழக்கம், ஆனால் திருப்பியபடியே சேமித்துவிட்டால் நடராசர் முயலகனை இடக் காலால் மிதிப்பார், பெருமாளின் சங்கும் சக்கரமும் இடம் மாறும், அர்த்தநாரியில் அம்மை வலப்பக்கம் போய்விடுவாள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் இப்படிப்பட்டவை ஏராளம். நடராசருக்கு ஒரு முறை மனப்பாடம் செய்துவிடுங்கள்: அவருடைய பின் வலக் கையில் உடுக்கை, பின் இடக் கையில் நெருப்பு, முன் வலக் கை அபயம், முன் இடக் கை தூக்கிய இடப் பாதத்தை நோக்கி.

வேடியப்பனுக்கும் முனியப்பனுக்கும் தாலக் கணக்கு இல்லை. அங்கே உங்களுக்குச் சுதந்திரம் அதிகம். அந்தச் சுதந்திரத்தில் முதலில் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கதை கேளுங்கள். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார், என்ன படையல், அசைவமா சைவமா என்பதெல்லாம் படத்தில் ஏதோ ஒரு விதத்தில் வந்து சேரும்.

நிறத்துக்கு நான் சொல்வது காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைத் திருவிழா. மாசி மாதம், சிவராத்திரியை ஒட்டிய அமாவாசை. காளி வேடத்தில் வருபவர்களின் முகத்து நீலமும் சிவப்பும், மஞ்சள் புடவையும், வேப்பிலைப் பச்சையும், மேலே பொரிந்து விழும் மாசி வெயிலும். நம் தெருக்கூத்தில் மரக் கிரீடமும் தோளணியும் பூட்டிக் கட்டை வேடம் கட்டி வருபவர் ராத்திரி விளக்கில் எப்படி இருக்கிறார் என்றும் பாருங்கள். அரிதாரத்தின் தட்டையான நிறமும் கண்ணாடித் துண்டுகள் பதித்த புஜக்கட்டையின் மினுக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எல்லா இடத்திலும் மினுக்கினால் எதுவும் மினுக்காது என்பதை ஒரு கூத்துக் கலைஞர் உங்களுக்குச் சொல்லாமலே காட்டிவிடுவார். வண்ணம் குறைவாக வேண்டுமா, பர்கூர் பக்கத்து மல்லப்பாடிப் பாறை ஓவியம் இருக்கிறது. வெள்ளை ஒன்றே ஒன்றால் தீட்டிய குதிரை வீரர்கள். நிறம் மங்கிய பாறை ஓவியங்களைப் போட்டோவில் தெளிவாக்க ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச் என்றொரு மென்பொருள் உண்டு, தொல்லியல்காரர்கள் பயன்படுத்துவது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்திலும் பழைய இதிகாச ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தருமபுரிக் கோட்டைக் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் தொங்கும் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணம் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகிறது. குனிந்து பாருங்கள், காட்சிகளை எப்படிக் கட்டம் பிரிப்பது என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டாம்.

மென்பொருளில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. லேப்டாப்பில் கிரிட்டா, இலவசம், ஓவியத்துக்கென்றே செய்தது. சுற்றுச் சமச்சீராக வரையும் தூரிகை அதில் உண்டு, கோலத்துக்கும் தாமரைக்கும் சுகம். போனில் ஐபிஸ்பெயிண்ட் போதும். ப்ரொகிரியேட் என்ற ஓவியச் செயலி ஆண்ட்ராய்டில் ஓடாது, அதற்காகக் கடன் வாங்கி ஐபேட் வாங்காதீர்கள். காசு செலவழிப்பதென்றால் திரையில்லாத சாதாரண பென் டேப்லெட் ஒன்று வாங்குங்கள்.

ஏஐ விஷயத்தில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. மேகம், பாறையின் சொரசொரப்பு, தூரத்து மரம் போன்றவற்றுக்கு மாதிரி பார்க்க வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தையும் கையையும் அதனிடம் கொடுக்காதீர்கள். முத்திரையில் விரல் குழம்பலாம், ஆயுதம் கை மாறலாம், தமிழ் எழுத்து கேட்டால் பிழையாக வரலாம். அதைவிடப் பெரிய குறை, ‘வேடியப்பன்’ என்று கேட்டால் அதற்கு ஆள் தெரியாமல் ஏதோ ஒரு வடநாட்டு ராஜகுமாரனைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடும். நம் ஊர்ச் சாமிகளை வரைய இன்னும் மனிதர்தான் வேண்டும், உங்களுக்கு அது நல்ல செய்தி. பயன்படுத்தியிருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

விற்கலாம், தாராளமாக. பழைய சிலைகளையும் நடுகற்களையும் பார்த்து வரைவதற்குக் காப்புரிமைத் தடை கிடையாது. அடுத்தவர் எடுத்த போட்டோவின் மேல் அப்படியே கோடு இழுத்தால் தடை உண்டு, அனுமதி கேளுங்கள். ஓவியங்களுக்கு நம் நாட்டில் ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். ரவிவர்மா 1906-ல் மறைந்தவர், அவருடைய படங்கள் பொதுச் சொத்து. கொண்டைய ராஜு மறைந்தது 1976-ல், 2036 முடியும் வரை அவரை நகலெடுத்து விற்கக் கூடாது.

அச்சுக்குப் போகும்போது ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். திரையில் தகதகத்த காவியும் மயில் நீலமும் தாளில் சோர்ந்து போகும், ஏனென்றால் அச்சு என்பது சிஎம்ஒய்கே என்ற நான்கு மைகளின் கலவை, திரை என்பது ஆர்ஜிபி என்ற சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவை. கிரிட்டாவில் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே கோப்பாகத் திறந்து வரையலாம். எப்படியானாலும் மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு தாள் மாதிரி எடுத்து, டியூப்லைட்டில் இல்லாமல் கடை வாசலில் வெயிலில் வைத்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுக்கும்போது லேயர் உள்ள மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள், அடுத்த திருவிழாவுக்கு உங்கள் அம்மன் வேறு ஊர் பேனரில் வேறு புடவையோடு நிற்பாள். தட்டையாக்கிய பிரதி போதும். டீ-ஷர்ட், பை, செல்போன் உறை வரை ஆர்டர் வந்தால் உங்கள் விருப்பம். மிதியடிக்கும் சாப்பிட்டுத் தூக்கிப் போடும் அட்டைப் பெட்டிக்கும் சாமி படம் கேட்டு வருவார்கள், நான் கொடுப்பதில்லை. அவர்களுக்கு ஒரு நல்ல கோலம் வரைந்து கொடுத்துவிடுகிறேன், காசு அதற்கும் அதேதான்.